பார்வைக் கௌதாரி: பறவைப் படப் போட்டிகளின் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் போட்டிகளை நடத்தும் நண்பர்களுக்கும்,

வணக்கம். சில வருடங்களுக்கு முன்பு உங்களில் சிலர் எனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தீர்கள். ஒரு கேடயம், ஒரு சான்றிதழ், பத்தாயிரம் ரூபாய். எந்தப் போட்டி என்று இங்கே எழுதப்போவதில்லை. அன்று அந்த மேசையில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் படத்துக்குப் பரிசு கொடுத்திருப்பார்கள். அவ்வளவு நல்ல படம். அதுதான் என் பிரச்சினை.

படம் இதுதான். ஆவாரம் புதரடியில், மண்ணைக் கொஞ்சம் கிளறி நாலு சருகைப் போட்ட ஒரு பள்ளம். அதில் வெளிறிய நிறத்தில் ஏழு முட்டைகள். பெட்டைக் கௌதாரி குனிந்து, ஒரு முட்டையை அலகால் தன் பக்கம் உருட்டிக்கொண்டிருக்கிறது. காலை வெயில் பக்கவாட்டில் விழுவதால் மார்பின் வரிகளை எண்ணிவிடலாம்போல் இருக்கும். குறுக்கே ஒரு குச்சிகூடக் கிடையாது. பரிசளிப்பு விழாவில் உங்களில் ஒருவர் அதைத்தான் எடுத்துச் சொன்னார்: "பின்னணி எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

சுத்தமாகத்தான் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கத்தரியோடு போய் ஆறு கிளைகளை வெட்டி எறிந்தவன் நான்.

அந்தக் கூட்டை எனக்குக் காட்டியவர் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு கரிசல் தரிசில் நாள் முழுக்க அலைகிறவன்மேல் அவருக்கு ஒரு இரக்கம். "கவுதாரி அடைக்கு உக்காந்திருக்கு தம்பி, சத்தம் காட்டாம வாங்க" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். பதினைந்து அடி தள்ளி மறைப்புத் துணியைக் கட்டி மூன்று காலைகள் உட்கார்ந்தேன். முதல் நாள் பறவை திரும்பிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சித்திரை வெயில், மேலே நிழல் கொடுத்த கிளைகள் கீழே கிடக்கின்றன, முட்டைகள் வெட்டவெளியில். அப்போது என் கவலையெல்லாம் வெளிச்சம் மாறிவிடுமே என்பதுதான்.

நான்காம் நாள் சும்மா பார்க்கலாம் என்று போனேன். பள்ளத்தில் ஓட்டுச் சில்லு இரண்டு, அதைச் சுற்றி எறும்பு. கீரியா, காக்கையா, ஊர்நாயா என்று தெரியவில்லை. ஆனால் தடத்திலிருந்து புதர்வரைக்கும் புல் படுத்துக் கிடந்ததே, அந்த வழியைப் போட்டது யார் என்று தெரியும். பெரியவரும் வந்தார். வெட்டிப்போட்ட ஆவாரங்கிளை ஒன்றைக் கம்பால் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு வாரமா ஆட்ட இந்தப் பக்கம் விடல தம்பி" என்றார். அப்புறம், "சரி விடுங்க, வேற எங்கயாச்சும் வைக்கும்." கௌதாரிக்கு அடைக்காலம் பதினெட்டு, பத்தொன்பது நாள். அவர் கணக்குப்படி இன்னும் மூன்று நாலு நாள்தான் பாக்கி. அன்று அவருடைய ஆடுகள் அந்தப் புதரை ஒட்டியே போயின.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பினேன். தலைப்பு: 'தாய்மை'. உங்கள் படிவத்தில் கேமரா என்ன, லென்ஸ் என்ன, அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. எல்லாவற்றையும் நேர்மையாக நிரப்பினேன். அந்த ஏழு முட்டைகள் என்ன ஆயின என்று எழுத ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் பொய் எழுதியிருப்பேனா? தெரியாது. அனுப்பாமலே விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கௌதாரி அரிய பறவை இல்லை. ஒரு கூடு போனால் அது மறுகூடு வைக்கும், பெரியவர் சொன்னது சரிதான். ஆனால் நான் கௌதாரியிடம் பழகிய கையைத்தான் பிறகு வரகுக்கோழி என்ற புல்வெளிப் பறவையிடமும் காட்டுக்கோழியிடமும் கொண்டுபோனேன். எல்லோரும் அப்படித்தான். யாரும் நேராகக் கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவையில் தொடங்குவதில்லை. அந்தக் கானமயிலோ ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். நாட்டில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்கிறார்கள். அங்கே 'வேற எங்கயாச்சும் வைக்கும்' என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாது.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன், வனத்துறைக்கு எழுதலாமே என்று கேட்கலாம். இந்தப் பறவைகளில் பலவும் காட்டுக்குள் இல்லை. கௌதாரியும் காடையும் வரகுக்கோழியும் மானாவாரிப் புன்செயிலும் மேய்ச்சல் நிலத்திலும் வரப்போரத்திலும் வாழ்கிறவை. புலிக் காப்பகத்தில் வாசல் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, கூட ஒரு வழிகாட்டி வருகிறார், வண்டியை விட்டு இறங்கினால் திட்டு விழும். சோளத்தட்டைக்கு நடுவில் விடிகாலை ஐந்தரை மணிக்கு யார் இருக்கிறார்கள்? நானும் பறவையும்தான். அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடுவது வனச் சட்டம் இல்லை. போன வருடம் எந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது என்பதுதான் ஓடுகிறது. நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதைத்தான் அடுத்த பருவத்தில் ஐந்நூறு பேர் எடுக்கப் போகிறார்கள். காட்டுமேட்டில் வேறு யாருக்கும் இல்லாத அதிகாரம் உங்கள் விதிமுறைப் பக்கத்துக்கு இருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பழைய தமிழில் 'பார்வை' என்றால் கண்ணால் காண்பது மட்டும் இல்லை. பிற விலங்கையோ பறவையையோ ஈர்த்துப் பிடிக்க வேடர்கள் பழக்கி வைத்திருக்கும் விலங்குக்கும் பறவைக்கும் அதுதான் பெயர். பார்வை மான், பார்வைக் கௌதாரி. கூண்டில் ஒரு கௌதாரியை வைத்துப் புதரோரம் இறக்கிவிடுவார்கள். அது கத்தும். அந்த வட்டாரத்துச் சேவல் 'என் இடத்தில் யாருடா' என்று சண்டைக்கு வரும். கண்ணியில் மாட்டும்.

நாங்கள் இன்று செய்வது என்ன? கைப்பேசியில் கௌதாரியின் குரலைப் பதிந்து வைத்துக்கொள்கிறோம். உள்ளங்கையளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைப் புதருக்குள் சொருகுகிறோம். பொத்தானைத் தட்டுகிறோம். சேவல் ஓடிவருகிறது, கல்லின்மேல் ஏறுகிறது, கழுத்தை நீட்டிக் கத்துகிறது. படபடவென்று இருபது ஃபிரேம். கண்ணி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வந்த சேவலுக்கு எதிரியும் கிடைக்கவில்லை, சண்டையும் முடியவில்லை. இணையையும் இடத்தையும் விட்டுவிட்டு, வெயில் ஏறும்வரை இல்லாத ஒருவனைத் தேடி அலைகிறது. ஒரு நாளைக்கு ஒருவர் இப்படிச் செய்தால் சமாளித்துக்கொள்ளும். அந்த இடம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு ஏழு வண்டி வரும், ஏழு ஸ்பீக்கர் வரும்.

மறைப்பு, குரல், இரை, நாலு பேரை விட்டுப் புதரைத் தட்டிப் பறவையைக் கிளப்புவது: ஒவ்வொன்றும் வேட்டைக்காரன் கையிலிருந்து எங்கள் கைக்கு வந்ததுதான். பேச்சும் அப்படித்தான். 'சூட்' போகிறோம், 'ஷாட்' கிடைத்தது என்கிறோம். இந்தப் பறவைகளுக்கு ஆங்கிலத்தில் பொதுப் பெயரே 'கேம் பேர்ட்ஸ்', விளையாட்டுக்குச் சுடத் தோதான பறவைகள். தமிழில் பாருங்கள், வரகுக்கோழி, கானமயில், காட்டுக்கோழி. விளைச்சலையும் நிலத்தையும் சொல்லி வைத்த பெயர்கள். வரகு விதைப்பதே அருகிப்போன பிறகு அந்தக் கோழிக்குப் பெயரில் மட்டும் வரகு மிச்சம் இருக்கிறது, அது வேறு கதை.

சட்டத்துக்கு இந்த ஒற்றுமை எங்களைவிட நன்றாகத் தெரியும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, 16ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். அதில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கொல்வது, பிடிப்பது மட்டுமா இருக்கிறது? விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, அதற்கு முயல்வது, பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாம் இருக்கின்றன. முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதும் வேட்டைதான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆவாரங்கிளையை வெட்டிய அன்று நான் சட்டப்படி வேட்டைக்காரன். நீங்கள் பரிசு கொடுத்தது வேட்டைப் படத்துக்கு. உங்கள் விதிமுறைகளில் 'எல்லாப் படங்களும் நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டு எடுக்கப்பட்டிருக்க வேண்டும்' என்று ஒரு வரி எப்போதும் இருக்கிறது. அதை நீங்களும் படிப்பதில்லை, நாங்களும் படிப்பதில்லை.

வேட்டைக்காரர்களை ஒரேயடியாகத் திட்டவும் நான் வரவில்லை. நம் ஊர்ப் பறவையியலே பாதி துப்பாக்கியிலிருந்து பிறந்ததுதான். சிறுவன் சாலிம் அலி பறவைகள் பக்கம் திரும்பியதே அவர் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டை என்னவென்று கேட்கப்போனதால்தான். காங்கிரஸைத் தொடங்கி வைத்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பறவைத் தோல் சேர்ப்பதில் பேர்போனவர். அவர்களெல்லாம் பிறகு என்னவாக மாறினார்கள் என்பது வேறு. ஆனால் எண்ணிக்கை என்று வரும்போது வயிறு கலங்குகிறது. இன்றைய மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) பகுதியில் ஒரே ஒரு ஆங்கிலேய அதிகாரி 1809இலிருந்து 1829வரை சுட்ட கானமயில்கள் 961. ஒரு ஆள், இருபது வருடம். இன்று நாடு முழுக்கத் தேடினாலும் அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது.

வரகுக்கோழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் போட்டிகளுக்கு இப்போது அதிகம் வருவது அதன் துள்ளல் படம்தான். மழை விழுந்து புல் முழங்கால் உயரம் வளர்ந்ததும் ஆண் பறவை கருத்துவிடும். கழுத்தும் வயிறும் கறுப்பு, காதுக்குப் பின்னால் கரண்டி நுனிபோல் முடியும் சில மெல்லிய இறகுகள். தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து செங்குத்தாக எம்பும். ஆள் உயரத்துக்குமேல் எழும்பி, இறக்கையைச் சடசடத்து, அப்படியே புல்லுக்குள் விழுந்து மறையும். ஒரு நாளில் ஐந்நூறு தடவைவரை இப்படித் துள்ளுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெட்டை எங்கோ புல்லுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். துள்ளல் அதற்கான விளம்பரம்.

பிரிட்டிஷ் காலத்து வேட்டைக்காரர்களுக்கு இது வசதியாகப் போனது. புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பறவை தானாக மேலே வந்து 'இங்கே இருக்கிறேன்' என்கிறது. அந்த நொடியில் சுட்டார்கள். இனப்பெருக்க காலத்து ஆண்களாகவே விழுந்தன. இப்போது துப்பாக்கி போய்விட்டது. அதே புல், அதே மழை மாதம், அதே நொடி, 600 மி.மீ. லென்ஸ். குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்காப் பகுதியில் காவல் உண்டு. ராஜஸ்தானில் அஜ்மீர் பக்கத்து விளைநிலங்களிலும் மத்தியப் பிரதேசத்தின் சைலானாவைச் சுற்றிய வயல்களிலும் பறவை இருப்பது உழவர்களின் தயவில். 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வரகுக்கோழியை 'மிக அருகிய இனம்' என்ற கடைசிப்படிக்கு நகர்த்திவிட்டது. அதற்கடுத்த படி அழிவுதான்.

வண்டி முப்பது மீட்டரில் வந்து நின்றால் ஆண் என்ன செய்யும்? பறந்து ஓடிவிடாது. புல்லுக்குள் பதுங்கும். துள்ளலை நிறுத்திவிடும். நாமும் பொறுமையாகக் காத்திருப்போம், பொறுமை நல்ல குணம் என்று படித்தவர்கள் ஆயிற்றே. ஒன்பது மணிக்கு வெயில் கடுமையாகி, 'இன்னைக்கு லக் இல்லை' என்று கிளம்புவோம். அதற்கு அந்த நாளின் நல்ல நேரமே அந்தக் காலைதான். நாம் எடுத்துக்கொண்டது படத்தை மட்டும் இல்லை. நம் பார்வையில் ஒன்றுமே நடக்காத ஒரு காலை அது. பறவையின் கணக்கில், நூறு துள்ளல் குறைந்து, வந்திருக்கக்கூடிய ஒரு பெட்டை வராமல் போன காலை.

இன்னொன்று. ஆண் துள்ளும் படத்தை நீங்களும் சலிக்கச் சலிக்கப் பார்த்திருப்பீர்கள். பெட்டையின் படம் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது. தயவுசெய்து அடுத்த வருடம் 'பெட்டைப் பறவைகள்' என்று தனிப் பிரிவு வைத்துவிடாதீர்கள். மறு மாதமே வயல் வயலாகக் கூடு தேடிக் கிளம்பிவிடுவோம்.

கேமராவே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. இமயமலைக் காடை என்று ஒரு பறவை உண்டு. உறுதியாகக் கடைசியாகக் கிடைத்தது 1876இல், நைனிடால் பக்கம். கிடைத்தது என்றால் சுட்டு எடுத்தது. அதற்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. உலகத்தில் அதன் அடையாளமாக இருப்பவை ஒரு டஜனைச் சுற்றிய பாடம் செய்த தோல்கள்தான். அது எப்படி நடந்தது, எந்தப் புல்லில் ஒதுங்கியது, குஞ்சை எப்படிக் கூட்டிப்போனது, ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு மங்கலான படம் இருந்திருந்தால், பின்னால் என்ன செடி இருக்கிறது என்றாவது பார்த்திருக்கலாம்.

அந்தப் பின்னால் இருக்கும் செடிதான் எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. நம் ரசனையையே கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல பறவைப் படம் என்றால் நமக்கு என்ன? பறவையின் கண்மட்டத்தில் எடுத்திருக்க வேண்டும். கண்ணில் ஒரு ஒளிப்பொட்டு. பின்னால் எல்லாம் வெண்ணெய்போல் மங்கியிருக்க வேண்டும். புல்லும் கல்லும் முள்ளும் தெரிந்தால் 'டிஸ்டர்பன்ஸ்' என்கிறோம். கானமயில் புல்வெளியில் நிற்கிறது, படத்தில் புல்வெளி இல்லை. ஒரு இளம்பச்சை மேகத்தின்மேல் பறவை மிதக்கிறது.

அதே புல்வெளிக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் என்ன பெயர்? தரிசு. ஒன்றுக்கும் உதவாத நிலம். மரம் நடும் திட்டம் வந்தால் முதலில் அங்கே குழி தோண்டுகிறார்கள். சூரிய மின்தகடு வேண்டுமா, காற்றாலை வேண்டுமா, தொழிற்பேட்டை வேண்டுமா, தரிசு இருக்கிறதே. அந்த நிலத்தைப் பதிவேடு ஒரு பக்கம் அழிக்கிறது. அதன் நடுவிலேயே நாள்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடக்கும் நாங்கள் மறுபக்கம் லென்ஸை எஃப்4இல் அகலத் திறந்து, பின்னணியை மங்கலாக்கி அழிக்கிறோம். பறவை அழகாக இருக்கிறது என்று ஊரே சொல்லும். அந்த இடம் அழகாக இருக்கிறது, அதைத் தொடாதே என்று யாரும் சொல்லப்போவதில்லை, யாரும் அதைப் பார்த்ததே இல்லையே.

சரி, கானமயிலைக் கொல்வது கேமராவா என்று கேட்பீர்கள். இல்லை. அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இன்று அதற்குப் பெரிய எமன் மின்கம்பி. பதினைந்து கிலோவரை எடை, முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்காத கண்ணமைப்பு, திரும்ப நேரம் போதாது, தார்ப் பாலைவனத்தில் கம்பியில் மோதி விழுகிறது. அந்தக் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது, 2024இல் அந்த ஆணையைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. தெருநாய், பூச்சிமருந்து, உழவுக்குப் போன மேய்ச்சல் நிலம் என்று பட்டியல் நீளம். ஜெய்சல்மேர் பக்கம் சாம் என்ற ஊரில் 2019இலிருந்து முட்டையைப் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் படக்காரனின் பங்கு சின்னதுதான். ஆனால் மின்கம்பியை இறக்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. ஸ்பீக்கரைப் பையில் வைக்க என்னால் முடியும். கூட்டுப் படத்தைத் தள்ளிவைக்க உங்களால் முடியும்.

படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா என்றால், பாதி முடியும். நாங்கள் செய்யும் திருட்டுத்தனம் எங்களுக்குத் தெரியாதா? கூட்டுப் பக்கத்துச் செடியில் இலைகள் ஒரே நேர்க்கோட்டில் நின்றுபோயிருந்தால் கத்தரி. கிளை நுனி வெளுத்து ஈரமாகத் தெரிந்தால் அன்று காலையில் வெட்டியது. தரைப்பறவை வெட்டவெளியில், தலைக்குமேல் ஒரு நிழலும் இல்லாமல் அடைகாக்கிறது என்றால் நிழலை யாரோ எடுத்திருக்கிறார்கள். கௌதாரி கழுத்தை விறைத்து, இறகைக் கச்சிதமாக ஒடுக்கி நின்றால் அது கம்பீரம் இல்லை, பயம். சிறகை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தரையில் புரளும் பறவையை 'நடனம்' என்று தலைப்பிட்டு அனுப்புவார்கள். குஞ்சோ முட்டையோ பக்கத்தில் இருக்கும்போது அடிபட்டதுபோல் நடித்து எதிரியை இழுத்துப்போகும் தந்திரம் அது. எதிரி வேறு யாரும் இல்லை, கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்தான்.

மீதிப் பாதிக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். படிவத்தில் நாலைந்து கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், குரல் ஒலித்தீர்களா, இரை போட்டீர்களா, கிளம்பும்போது பறவை என்ன செய்துகொண்டிருந்தது. கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்தது. பறவை மேய்ந்துகொண்டே இருக்க, நாம் பின்வாங்கி வந்திருந்தால் அதை எழுதுவதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு, கேமரா பதிந்தபடியே திருத்தாமல் இருக்கும் ரா கோப்பை இப்போதே கேட்கிறீர்கள், ஆனால் அந்த ஒரு ஃபிரேமை மட்டும். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இருபது ஃபிரேமையும் கேளுங்கள். ஒரு படத்தில் பொய் சொல்லலாம், இருபதில் கஷ்டம்.

தரையில் கூடு வைக்கும் பறவையின் கூடு, முட்டை, கூட்டில் உட்கார்ந்த தாய், இதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். சில போட்டிகள் ஏற்கெனவே கூட்டுப் படங்களை வாங்குவதில்லை. அதனால் அவர்களுக்கு நல்ல படம் வராமல் போய்விடவில்லை. நல்ல எண்ணத்தோடு, நீண்ட லென்ஸோடு, ஆராய்ச்சிக்காக எடுத்த கூட்டுப் படமும் இருக்குமே என்பீர்கள். இருக்கும். அது ஆராய்ச்சிக்கே போகட்டும். பரிசு மேடையில் அதைப் பார்க்கும் இருநூறு பேருக்கு அந்த எண்ணமும் தெரியாது, லென்ஸும் இருக்காது. கைப்பேசியோடு கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள்.

இடத்தின் பெயரை அச்சடிக்காதீர்கள். மாநிலம் போதும். படக்கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ் எண்களை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் ஈபேர்ட் தளமே ஆபத்தில் இருக்கும் சில இனங்களுக்குச் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது.

அப்புறம், தவறு தெரியவந்தால் பரிசைத் திரும்பப் பெறுங்கள், அதை வெளியே சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியிலேயே 2009இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய் படத்தைப் பழக்கிய ஓநாயை வைத்து எடுத்திருக்கக்கூடும் என்று முடிவுசெய்து, பரிசைப் பறித்துக்கொண்டார்கள். 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னி, பாடம் செய்த பொம்மை என்று தெரிந்ததும் அடுத்த வருடம் அதையும் நீக்கினார்கள். போட்டியின் பெயர் கெட்டுவிடவில்லை. இன்றும் எல்லோரும் அதற்குத்தான் வரிசையில் நிற்கிறோம்.

ஒரு பரிசைக் கூட்டவும் வேண்டும். பறவை சின்னதாக, நிலம் பெரிதாக இருக்கும் படத்துக்கு. கரிசல் வெடிப்பு, கொழுஞ்சிச் செடி, தூரத்தில் ஆட்டுப்பட்டி, அதற்கும் அப்பால் மின்கோபுரம், நடுவில் எங்கோ ஒரு காடைக் கூட்டம். எடுத்துப் பாருங்கள், கூட்டில் உட்கார்ந்த பறவையை எடுப்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே உருவாக்கிய கருவியோடு கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அவருடைய யானைகளைப் பார்த்தால் அவை நின்ற காடும் கூடவே தெரியும். அந்த மரபில் வந்தவர்கள் நாம். மங்கலான பச்சை மேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. லென்ஸ் விளம்பரத்திலிருந்து என்பது என் சந்தேகம்.

நடுவர் மேசையில் ஒரு நாற்காலியைக் களம் தெரிந்தவருக்கு ஒதுக்குங்கள் என்றும் கேட்க நினைத்தேன். பறவையியல் படித்தவராக இருந்தாலும் சரி. ஆடு மேய்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. என் 'தாய்மை'யை அந்தப் பெரியவர் கையில் கொடுத்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் கேட்டிருப்பார், கிளை எங்கே தம்பி என்று.

கேடயத்தையும் சான்றிதழையும் இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புகிறேன். பத்தாயிரத்துக்கு ஒரு கேமரா முக்காலி வாங்கிவிட்டேன், அது என்னிடம் இருக்கட்டும், இப்போது அதை நாற்பது அடி தள்ளித்தான் நிறுத்துகிறேன். உங்கள் இணையதளத்தில் பழைய வெற்றியாளர்கள் பக்கத்தில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். எடுக்க விதி இடம் தராது என்றால், அடியில் நான் எழுதிக் கொடுக்கும் மூன்று வரியைச் சேருங்கள்: ஆறு கிளைகள் வெட்டப்பட்டன. ஏழு முட்டைகள் இருந்தன. ஒன்றும் பொரிக்கவில்லை.

ஆடியில் புதுப் போட்டிக்கான அறிவிப்பு வரும். பரிசுத் தொகையைப் பார்க்காமல் நேரே விதிமுறைப் பக்கத்துக்குத்தான் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பரிசாளன் ஒருவன்